ஏழாம் நம்பர் மலையில் பிடித்த கயிறு

தவமணி பலூன் கூடைக்குள் ஏற ஆசைப்பட்டுத் தொற்றிக்கொண்டார், தவறி விழுந்தார் என்றுதான் அவருடைய குடும்பம் ஓராண்டுக்கும் மேலாக நம்பியிருந்தது. கணவர் பெருமாள் அப்படி நம்பினார்; அதனால் கருமாதியன்றுகூட அவருடைய அழுகையோடு ஏச்சும் கலந்து வந்ததாம். மகள் சுகந்தியும் அப்படித்தான் நம்பினாள். பாடசாலையில் "பலூன் ஏறப் போனவங்க மக" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னபோது, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கொழுந்துக் கூடையை மாட்டிய நாளிலிருந்து சும்மா நின்றறியாத ஒரு பெண், வேலை நேரத்தில் வேடிக்கைக்குப் போய் உயிரை விட்டார் என்ற கதையை அவர்களுக்குச் சொன்னது பலூன் கம்பெனி. அது பொய். நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அப்படியொரு கதை அந்த வீட்டில் உலவுகிறது என்பதே ஓராண்டுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போகாமல் இருந்தது என் குற்றம்.

பல ஆண்டுகள் கழித்து இப்போது அதே கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் பறக்கப் போகிறது. புதிய பணியாளர்களுக்கான கைநூலில் சேர்ப்பதற்கு மலைக்காற்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி எனக்குக் கடிதம் வந்தது. "பழைய சம்பவங்களைத் தவிர்த்துவிட்டால் நல்லது" என்று மிகுந்த மரியாதையோடு அடியில் ஒரு வரி. காற்றைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு எழுத எனக்கு வராது. கைநூலில் அவர்கள் இதைச் சேர்க்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கணிதத்தில் தேறி, வானிலை நிலையமொன்றில் அவதானிப்பாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழைமானி, ஈரக்குமிழ் வெப்பமானி, மேகங்களின் பெயர்கள், மூன்று மணிக்கொரு தடவை பதிவு. வாசிப்புக்கு நிறைய நேரம் கிடைத்த உத்தியோகம். அங்கே இருபத்தாறு ஆண்டுகள் இருந்தேன். அதன்பின் உடப்புசல்லாவைப் பக்கத்தில் உல்லாசப் பயணிகளைப் பலூனில் ஏற்றும் கம்பெனி ஒன்று காற்றுப் பார்ப்பதற்கு ஆள் தேடியது. தேயிலை மலைகளின் மேலே சூரிய உதயம் காட்டுவது அவர்கள் தொழில். நான் போனேன். தரையில் நின்று வானத்தைப் பார்த்தவளுக்கு, வானத்தில் போகிறவர்களுக்கு வழி சொல்வது பெருமையாகத்தான் இருந்தது.

வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். சிறிய சிவப்புப் பலூன் ஒன்றில் ஹீலியம் நிரப்பி, குறித்த எடையைத் தூக்குகிறதா என்று பார்த்து, முடிச்சிட்டுக் கையை விரிக்க வேண்டும். அது ஏறும்போது தியோடலைட் என்ற கோணக் கருவியின் கண்ணாடி வழியாக அதைத் தொடர்ந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை கோணத்தைக் குறிப்பேன். எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரியும். கருவி சொல்லாததை லயத்துப் புகை, தொழிலாளர் வரிசை வீடுகளின் அடுப்புப் புகை, சொல்லும். விடியலில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து பள்ளத்துக்கு வழியும். அடுப்புப் புகை கூரைமேல் தவழ்ந்து ஓடைப் பக்கம் இறங்கினால், இன்னும் பொழுது இருக்கிறது. வெயில் சரிவில் பட்டதும் காற்று திரும்பி மேல்நோக்கி ஏறும். புகை நிமிர்ந்து நின்றுவிட்டால் திருப்பத்துக்குச் சில நிமிடங்களே மிச்சம். அந்தச் சில நிமிடங்களில் இலை அசையாது. வந்தவர்கள் எல்லோரும் "என்ன அமைதி!" என்று சொல்வது அப்போதுதான். எனக்கு மிகவும் பயமான நேரமும் அதுதான்.

இன்னொரு காற்று உண்டு. சித்திரை கழிந்ததும் மேற்கிலிருந்து கச்சான் வரத் தொடங்கும். அது மலைமுகட்டைத் தாண்டி இந்தப் பக்கச் சரிவில் உருண்டு விழும். முகட்டிலுள்ள யூக்கலிப்டஸ் மரங்கள் ஆடிய பிறகுதான் கீழே உள்ளவர்களுக்குத் தெரியும். தெரிந்த மறுகணம் அது கீழே வந்திருக்கும். அதனால் சித்திரையோடு பறப்பதை நிறுத்த வேண்டும் என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுத்தேன்.

எழுதிக் கொடுத்ததை வாங்கியவர் எங்கள் தலைமை விமானி. எல்லோரும் அவரைக் கெப்டன் என்றே அழைத்தோம். கொழும்பிலிருந்து வந்தவர், என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கசங்காத சட்டை, சீனியில்லாத பிளேன்டீ. என் தாளை இரண்டு கைகளாலும் வாங்குவார், முழுவதும் வாசிப்பார், மேற்சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையொப்பமிடுவார். பிறகு, "நன்றி மிஸ், குறித்துக்கொண்டேன்" என்பார். முதலிரண்டு ஆண்டுகள் அந்தச் சொற்களை நான் சம்மதம் என்று எண்ணியிருந்தேன். அவை சம்மதமல்ல. தாள் கிடைத்தது என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை.

பலூன் இறங்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும். காற்றிருக்கும் நாளில் பாதுகாப்பாக இறங்குவது அழகாக இருக்காது. திறந்த புல்வெளியில் கூடை தரையில் மோதும், சாயும், சற்றுத் தூரம் இழுபடும். விமானி உச்சியிலுள்ள வாயைத் திறந்து சூட்டுக் காற்றை வெளியேற்றுவார். உள்ளே குந்தியிருப்பவர்களுக்குச் சிராய்ப்பு ஏற்படும், உயிர் தப்பும். ஆனால் எங்களைச் சுற்றிப் புல்வெளி குறைவு, தேயிலை அதிகம். தேயிலைக்கு மேல் கூடை இழுபட்டால் செடி பிய்ந்துவிடும். ஒரு செடிக்கும் சேதம் வரக்கூடாது என்ற நிபந்தனையில்தான் தோட்டம் எங்களை அனுமதித்திருந்தது. ஆகவே கெப்டன் ஒரு வழி கண்டார். காற்றை வெளியேற்றாமல், கூடை செடிகளுக்குச் சற்று மேலே மிதக்கும்படி வைத்திருப்பது. நீண்ட கயிற்றைக் கீழே விடுவது. அந்த மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கயிற்றைப் பிடித்து, கூடையை லொறிப் பாதைவரை நடத்திக்கொண்டு போவது.

இதைத் தொழிலாளர்களுக்கு விளங்கவைக்க ஓர் அறிவித்தல் தேவைப்பட்டது. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். கயிற்றைப் பிடியுங்கள், பாதைவரை நடத்துங்கள், செடியை மிதிக்காதீர்கள். மூன்று வரிகள்.

"கால் தரையைவிட்டு எழும்பினால்?" என்று கேட்டேன். எழும்பினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை விடவேண்டும் என்பது இந்தத் தொழிலில் எங்குமுள்ள முதல் விதி.

"அதை எழுதினால் முதல் இழுப்பிலேயே விட்டுவிடுவார்கள் மிஸ்," என்றார். "நம்முடைய ஆள் ஒருவர் ஜீப்பில் வந்து பக்கத்தில் நிற்பார். அவர் பார்த்துக்கொள்வார்."

நான் எழுதவில்லை. அந்த நான்காவது வரியை எழுத எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்கவில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலைப் பெரட்டில், பெண்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க வந்து நிற்கும் இடத்தில், நானே அதை வாசித்தேன். வாசித்தது யாருக்கும் உறைக்கவில்லை.

"கயித்தப் புடிச்சு என்னா செய்யணுங்க மிஸ்? மாட்ட இழுக்கிற மாதிரியா?" என்றார் ஒருவர்.

எனக்கு ஓர் உவமை தோன்றியது. நல்ல உவமை என்று நினைத்தேன். "தேர் இழுப்பீங்கள்ல? வடம் புடிக்கிற மாதிரி புடிங்க. மெதுவா, எல்லாரும் சேர்ந்து," என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். முன்வரிசையில், ஈரம் படாதிருக்கப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர், "தேருக்குள்ள சாமி இருக்குங்க. இதுக்குள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார். அவர்தான் தவமணி.

"வெள்ளக்காரச் சாமி அண்ணி. தொப்பி போட்ட சாமி," என்றார் பக்கத்தில் நின்ற அவருடைய நாத்தனார் லெட்சுமி.

"அப்ப தேங்காய நீ ஒட. போட்டோ புடிச்சுப் பேப்பர்ல போடுவாங்க," என்றார் தவமணி.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அதட்டியும் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். தேர் எனக்கு ஆண்டுக்கொரு முறை பாதையோரத்தில் நின்று பார்க்கும் காட்சி. வடத்தைத் தொட்டவர் தேர் நிலைக்கு வரும்வரை கையெடுக்கக் கூடாது, நடுவில் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று அந்த லயங்களில் ஒவ்வொரு பெண்ணும் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். மேகங்களுக்கு லத்தீன் பெயர் தெரிந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இரண்டு பருவங்கள் ஏதும் நடக்கவில்லை. பெண்கள் தேர்ந்துவிட்டார்கள். கூடை அவர்கள் தலைக்குமேல் மிதந்து செல்ல, பயணிகள் படமெடுக்க, ஒரு வாது முறியாமல் பாதைக்கு வந்துவிடும். கெப்டன் அதைத் தம் கண்டுபிடிப்பாகவே விருந்தாளிகளிடம் சொல்வார்.

மூன்றாம் பருவத்தில் முன்பதிவுகள் நிறைய வந்திருந்தன என்று பறப்பை வைகாசிவரை நீட்டினார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். அவர் குறித்துக்கொண்டார்.

அந்தக் காலையில் என் தாளில், "ஏழு மணிக்கு முன் இறங்கிவிட வேண்டும், முடியாவிட்டால் பறக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். ஆறு மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள். இரண்டு விருந்தாளிகள் விடுதியிலிருந்து தாமதமாக வந்தார்கள். புறப்பட்டபோது ஏழாக இருபது நிமிடங்கள் இருந்தன. நான் கூடையருகே ஓடிப் போனேன்.

"கெப்டன், புகை நிமிர ஆரம்பித்துவிட்டது. இன்று வேண்டாம்."

"அரை மணி நேரந்தான் மிஸ். குறித்துக்கொண்டேன்."

பர்னர் சீறியது. அதற்கு மேல் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. பறப்பை நிறுத்தும் அதிகாரம் என் பதவிக்கு இல்லை. எனக்கிருந்தது ஒரு தாளும் பேனாவுமே.

மேட்டிலிருந்த என் கருவிக்குத் திரும்பி அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலூன் புல்வெளியை எட்டுமுன்பே காற்று நின்றுபோயிற்று. பலூன் தோட்டத்தின் ஏழாம் நம்பர் தேயிலை மலைக்கு மேல் அசையாமல் தொங்கியது. கெப்டன் கயிற்றைக் கீழே இறக்கினார். எங்கள் ஜீப் இரண்டு வளைவுகளுக்கு அப்பால் கொழுந்து லொறியின் பின்னால் அகப்பட்டிருந்தது. "நம்முடைய ஆள்" அதற்குள் இருந்தார். மலையில் நின்ற ஐந்து பெண்கள் கொழுந்துக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வந்து, பழகியபடி கயிற்றைப் பிடித்தார்கள். 'பிடி' என்று குரல் கொடுத்தவர் தவமணி. கூடைக்குக் கிட்டவாக நின்றவரும் அவரே.

முகட்டு மரங்கள் ஆடியதைக் கண்டேன். கத்தினேன். அந்தத் தூரத்துக்கு என் குரல் எட்டுமா? நின்றுகொண்டிருக்கும் பலூன்மீது திடீரென்று காற்று வீசினால் அதன் உச்சியை உறிஞ்சித் தூக்குவது போலிருக்கும்; பர்னரை எரிக்காமலே கூடை எழும்பும். எழும்பியது. வடத்தின் கடைசியில் நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையை விட்டார்கள். நால்வரின் பாரமும் நீங்கியதும் பலூன் இன்னும் வேகமாக ஏறியது. தவமணி விடவில்லை. விடக்கூடிய உயரத்தை அவர் கடந்துபோனதை நான் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். லொறிப் பாதைக்கு அப்பால், கல் பாவிய வடிகால் கானுக்கு மேலே, அவர் கைகள் ஓய்ந்தன.

அதற்குமேல் எழுதமாட்டேன். பலூன் கீழேயிருந்த புல்வெளியில் சாய்ந்து, இழுபட்டு, நின்றது. முதலிலேயே அப்படி இறக்கியிருக்கலாம். பயணிகளுக்குச் சிராய்ப்பு. மாலையே கம்பெனி, "விருந்தினர் அனைவரும் நலம்" என்று அறிவித்தது. ஏழாம் நம்பர் மலையில் செடிகளுக்குச் சேதமில்லை என்று தோட்டத்து ஆபிசிலிருந்து மறுநாள் ஒரு கடிதம் வந்தது. நான் அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்த்தேன்.

விசாரணை நடந்தது. என்னைக் காற்றைப் பற்றி மட்டும் கேட்டார்கள். தாளைக் காட்டினேன், நேரத்தைச் சொன்னேன், கச்சானை விளக்கினேன். கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில் சொன்னேன். கயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் எண்களே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணுவது எனக்கு வசதியாக இருந்தது. அந்த மாதமே வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அதை ஒரு கண்டனமாக நினைத்துக்கொண்டேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஓராண்டு கழித்து வலப்பனையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாடசாலைச் சீருடையில் ஒரு பெண் என்னருகே வந்து நின்றாள்.

"நீங்கதானே பலூன் மிஸ்? நான் தவமணி மக."

நான் அவள் கையைப் பிடித்தேன். "அம்மா ரொம்பத் தைரியமானவங்க," என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "தைரியமா? ஏன் மிஸ் அம்மா அதுல ஏறப் போனாங்க? அத மட்டும் சொல்லுங்க. அப்பா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"யாரும்மா சொன்னது ஏறப் போனாங்கன்னு?"

"கம்பெனி ஐயாமார் வந்து சொன்னாங்க. விசாரணைப் பேப்பர்லயும் அப்புடித்தான் எழுதியிருக்காம்."

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொல்றேன்," என்றேன். பஸ் வந்து போனது. அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. வயது அதைக் குறைக்கவில்லை, வாசிப்பும் குறைக்கவில்லை. ஒருவரைக் கொன்றது போதாதென்று, அவர் உழைத்துச் சேர்த்த நல்ல பெயரையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குச் சாட்சியாக என் மௌனத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் லயத்துக்குப் போனேன். பெருமாள் வாசலில் நின்றார். லெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. முதலில் சொல்லவேண்டியதைச் சொன்னேன். தவமணி ஏறப் போகவில்லை. கயிற்றைப் பிடிக்கச் சொன்னது கம்பெனி; அதை வாசித்தவள் நான்; வடம்போலப் பிடிக்கச் சொன்னதும் நான்.

பெருமாள் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "அப்ப அவ ஏறப் போகல?" என்றார்.

"இல்லீங்க."

"நெசமா?"

"நான் பாத்தேங்க."

"ஒரு வருசமா அவள ஏசிக்கிட்டு இருந்தேனே மிஸ்," என்றார். "படத்துக்கு வெளக்கு வைக்கையிலயும் ஏசினேனே." அவர் லெட்சுமியின் பக்கம் திரும்பினார். "நீ அங்கனதானே நின்ன? ஒனக்குத் தெரியாதா?"

லெட்சுமி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "தெரியும்ண்ணே."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நான் விட்டுட்டேன்னு சொல்லவா? 'விடாதீங்கடி, செடி மேல விழுந்துரும்'னு அண்ணி கத்துனாங்க. கால் எழும்புச்சு. பயந்து விட்டுட்டேன். நாங்க நாலு பேரும் விட்டுட்டோம். வடத்த நடுவுல விட்டவங்க வாயத் தொறந்து என்னண்ணே பேசுறது? நாங்க விட்டதாலதான் அண்ணி மேல போனாங்க."

அந்தப் பெண்களை யாரும் மிரட்டத் தேவைப்பட்டிருக்கவில்லை. நான் சொன்ன ஓர் உவமையே போதுமாயிருந்தது. கையை விட்டதைப் பாவமென்று எண்ணி நால்வரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மௌனத்தின்மேல் கம்பெனி தன் பொய்யை வசதியாக எழுதிக்கொண்டது.

லெட்சுமியிடம் பொய்யான ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. "நீங்க விட்டதும் பாரம் கொறஞ்சது உண்மைதாங்க," என்றேன். "ஆனா விட்டதுதான் சரி. அஞ்சு பேரும் ஒரே நேரத்துல விட்டிருக்கணும். அத ஒங்களுக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியவங்க நாங்க. நாங்க சொல்லல. ஒங்க மேல குத்தம் இல்ல. அது தேர் இல்லீங்க, வெறும் கயிறு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்," என்றார் லெட்சுமி.

விசாரணையை மீண்டும் எடுக்கவைக்க ஏழு மாதங்கள் அலைந்தோம். நுவரெலியாவுக்கு எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. அறிவித்தலின் மூலத்தாள் என் கையெழுத்தில், கெப்டனின் கையொப்பத்தோடு, என்னிடம் இருந்தது. அவரிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். அவர் தாளை இரண்டு கைகளாலும் வாங்கி, முழுவதும் வாசித்து, "இது மிஸ்ஸின் மொழிபெயர்ப்பு, தமிழில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குரல் உயரவில்லை. எனக்குத்தான் உயர்ந்தது. அந்த மண்டபத்தில், என் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் கத்தினேன். நான்காவது வரியை அவர் எழுதவேண்டாம் என்றதையும் நான் எழுதாததையும் சேர்த்தே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. லெட்சுமியும் மற்ற மூவரும் எனக்குப் பின்னால் எழுந்து நின்று, ஒவ்வொருவராக, "நாங்க விட்டோம், அவங்க விடல, எங்களப் புடிக்கச் சொன்னாங்க" என்று சொன்னார்கள்.

அறிக்கையில் ஒரு வாக்கியம் மாறியது. "தாமாகவே ஏற முயன்று" என்றிருந்த இடத்தில், "பணிக்கப்பட்டபடி கயிற்றைப் பிடித்திருந்தபோது" என்று வந்தது. அதற்குமேல் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. கெப்டன் வேறெங்கோ பறக்கிறார். இந்தப் புதிய கம்பெனி வரைபடத்தில் குறித்திருக்கும் இறங்குமிடங்களில் மூன்று, தேயிலை மலைகள். அவர்கள் கேட்ட நான்கு பக்கங்களில் முதல் வரியாக நான் எழுதி அனுப்பியது இதுதான்: கால் தரையைவிட்டு எழும்பினால் எல்லோரும் உடனே கையை விடுங்கள், செடி போகட்டும். பதில் வரவில்லை. ஆகவே அதைக் கடதாசியில் பெரிதாக எழுதி, மூன்று தோட்டங்களின் பெரட்டுக் களத்திலும் நானே ஒட்டிவிட்டு வந்தேன். ஓரிடத்தில் கிழித்துவிட்டார்களாம். மறுபடியும் போவேன்.

பெருமாள் ஓய்வுபெற்றுவிட்டார். சுகந்தி கினிகத்தேனைக்கு அருகே ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கயிற்றைப் பிடித்த ஐவரில் லெட்சுமி இருக்கிறார், மாரியாயி இருக்கிறார், ஞானம்மா இருக்கிறார், கடைசியில் நின்ற சரோஜா, கொழும்பில் மகனோடு, இருக்கிறார்.